ஜிடிஎக்ஸ் 1060-ஆ, ஆர்எக்ஸ் 580-ஆ? செகண்ட் ஹேண்டில் கார்டு தேடுகிறவர்களுக்கு

"கேம் ஓடணும், ஆனா கையில ஆறாயிரம்தான் இருக்கு" என்று சென்னை ரிச்சி தெருவில் போய் நிற்கும் கல்லூரி மாணவரிடம் கடைக்காரர் எடுத்துக் காட்டும் கார்டு பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி. இன்னொன்று ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 8 ஜிபி. முன்னது 2016 ஜூலையில் வந்தது. பின்னது 2017 ஏப்ரலில். கிராஃபிக்ஸ் கார்டு உலகில் இது தாத்தா வயது. ஆனாலும் புதுக் கார்டுகளின் விலை ஏறிய ஏற்றத்தில் இந்த இரண்டு தாத்தாக்களுக்கும் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை.

எது வேகம் என்ற சண்டை அந்தக் காலத்திலேயே சலிக்கச் சலிக்க நடந்து முடிந்துவிட்டது. அன்றைக்கு அவை டப்பா பிரிக்காத, வாரண்டி உள்ள கார்டுகள். இன்று நம் கைக்கு வருவதோ பல வருடம் உழைத்துத் தேய்ந்த பீஸ். ஃபேன் கரகரக்கும், தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், கம்பெனியின் டிரைவர் கவனிப்பு முடிந்திருக்கும். சில சமயம் ஸ்டிக்கரில் உள்ள பெயரே பொய்யாக இருக்கும். அதனால் இரண்டு கார்டையும் ஒரே கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். ரைசன் 5 3600, 16 ஜிபி ரேம், 550 வாட் எஸ்எம்பிஎஸ், 1080பி மானிட்டர். 1060 ஒரு நண்பரிடம் இரவல் வாங்கியது. 580 காசு கொடுத்து செகண்ட் ஹேண்டில் எடுத்தது.

முதலில் காகிதக் கணக்கை முடித்துவிடலாம். 1060-இல் 1,280 கோர்கள், 192-பிட் மெமரி பஸ், நொடிக்கு 192 ஜிபி மெமரி வேகம், 120 வாட் மின்சாரம். வெளியானபோது அமெரிக்க விலை 249 டாலர். 580-இல் 2,304 ஷேடர்கள், 256-பிட் பஸ், நொடிக்கு 256 ஜிபி, 185 வாட். 8 ஜிபி மாடலின் விலை 229 டாலர். இரண்டு கம்பெனிகளின் கோர்களையும் நேருக்கு நேர் எண்ணி ஒப்பிட முடியாது என்றாலும், வன்பொருள் அளவில் ஏஎம்டி கார்டுதான் பெரிய ஆள். உண்மையில் 580 என்பது 2016-இல் வந்த ஆர்எக்ஸ் 480-ஐயே கொஞ்சம் வேகம் கூட்டி, கொஞ்சம் அதிக மின்சாரம் குடிக்கவிட்டு, புதுப் பெயரில் விட்டது.

இவ்வளவு பெரிய ஆள் ஏன் வெளியான காலத்தில் 1060-ஐ அடித்து வீழ்த்தவில்லை? காரணம் டைரக்ட்எக்ஸ் 11. அன்றைய கேம்களில் பெரும்பாலானவை அதில்தான் ஓடின. அதில் ஏஎம்டியின் டிரைவர் சிபியு மீது அதிகச் சுமையை ஏற்றியது. சிபியு வேலை கொடுக்கும்வரை கார்டின் ஒரு பகுதி சும்மா காத்துக் கிடந்தது. என்விடியா அந்த வேலையைத் திறமையாகப் பங்கிட்டது. அதே 2016-இல் டூம் கேமுக்கு, இந்தச் சுமையைக் குறைக்கும் வல்கன் ஆதரவு வந்ததும் ஏஎம்டி கார்டுகள் குபீரென்று மேலே போனதைப் பலரும் பார்த்தார்கள். பிறகு கேம்கள் டைரக்ட்எக்ஸ் 12-க்கும் வல்கனுக்கும் நகர நகர, 580 கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்தது. பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் ஏஎம்டியின் கிராஃபிக்ஸ்தான் இருந்தது என்பதும் உதவியது. பிஎஸ்4 ப்ரோவுக்குள் இருப்பதும் 580-ஐப் போலவே 2,304 ஷேடர்கள் கொண்ட சில்லுதான், வேகம்தான் குறைவு. டெவலப்பர்கள் கன்சோலுக்காகச் செதுக்கியது எல்லாம் இந்தக் கார்டுக்கும் ஒட்டிக்கொண்டது.

இந்தப் பழைய கதை இன்றைக்கும் பொருந்தும் என்பதுதான் ஓட்டிப் பார்த்தபோது தெரிந்தது.

வாலரண்ட், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரியான போட்டி கேம்களில் இரண்டு கார்டுமே செட்டிங்கைக் குறைத்தால் நூறு எஃப்பிஎஸ்ஸைத் தாண்டி ஓடுகின்றன. இங்கே கார்டை விட சிபியுதான் எல்லையைத் தீர்மானிக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மெஷினின் சிபியுவை வேண்டுமென்றே சில கோர்களை அணைத்துப் பலவீனமாக்கி ஓட்டினால், 1060-இல் ஆட்டம் அதிகம் தடுமாறவில்லை; 580-இல் சண்டை நெருங்கும் இடங்களில் ஃப்ரேம் விழுவது கண்ணுக்கே தெரிந்தது. டைரக்ட்எக்ஸ் 11-இன் பழைய சுமை அது. நாலாம் தலைமுறை ஐ5 போன்ற பழைய சிபியுவை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க கவுன்ட்டர் ஸ்ட்ரைக் மட்டுமே ஆடுபவர் என்றால், 8 ஜிபி என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், 1060 போதும்.

ஜிடிஏ 5-இன் பழைய பதிப்பிலும் 1060 ஒரு விரலளவு முன்னால் நிற்கிறது. எல்டன் ரிங் எப்படியும் 60 எஃப்பிஎஸ்ஸுக்கு மேல் போகாத கேம். மீடியத்தில் வைத்தால் இரண்டும் ஐம்பதைச் சுற்றி ஓடுகின்றன, எதில் ஆடுகிறோம் என்று கார்டை மறைத்துக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கு வந்தால் தராசு சாய்கிறது. வல்கனில் வைத்து, மீடியமும் ஹையுமாகக் கலந்த செட்டிங்கில், 1060 ஐம்பதை ஒட்டியும் 580 அதற்குச் சற்று மேலேயும் ஓடின. செயின்ட் டெனிஸ் நகரத்துக்குள் குதிரையில் நுழையும்போது இரண்டுமே இறங்குகின்றன; 580 குறைவாக இறங்குகிறது. சைபர்பங்க் 2077-லும் இதே கதைதான். அந்த கேம் வெளியானபோது 1060 6 ஜிபிதான் பரிந்துரைக்கப்பட்ட கார்டு. 2023-இல் தேவைப் பட்டியலைத் திருத்தியபோது 1060-ஐயும் 580-ஐயும் குறைந்தபட்சக் கார்டுகள் என்று கீழே இறக்கிவிட்டார்கள். லோ செட்டிங்கில் இரண்டும் நாற்பதுகளில் திணறுகின்றன. படத்தைச் சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் எஃப்எஸ்ஆரைப் போட்டால் அறுபதை எட்டிப் பிடிக்கின்றன, கொஞ்சம் மங்கலாக.

ஒரு வேடிக்கை இருக்கிறது. எஃப்எஸ்ஆர் ஏஎம்டி உருவாக்கியது. அது என்விடியாவின் 1060-இலும் ஓடுகிறது. அதே வேலையைச் செய்யும் என்விடியாவின் சொந்த டிஎல்எஸ்எஸ்ஸோ ஆர்டிஎக்ஸ் கார்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான். ஆக 1060 வைத்திருப்பவர் இன்றைக்குத் தாக்குப்பிடிப்பது எதிர்க் கம்பெனியின் தயவில்.

8 ஜிபிக்கும் 6 ஜிபிக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்கள் ரெசிடென்ட் ஈவில் 4 ரீமேக்கின் கிராஃபிக்ஸ் மெனுவைத் திறந்து பார்க்கலாம். ஒவ்வொரு செட்டிங்கும் எவ்வளவு வீடியோ மெமரியைத் தின்னும் என்பதை அந்த மெனு ஒரு பட்டையாகவே வரைந்து காட்டுகிறது. 1060-இல் டெக்ஸ்சரை இரண்டு படி ஏற்றியதும் பட்டை நிறம் மாறி எச்சரித்தது. அதையும் மீறி ஆடினால் முதல் கிராமத்துச் சண்டையிலேயே அவ்வப்போது அரை நொடி உறைந்து உறைந்து நகர்ந்தது. 580-இல் அதே செட்டிங்கில் பட்டை பாதுகாப்பான இடத்திலேயே நின்றது, உறைதலும் இல்லை. டெக்ஸ்சர் தரத்தைக் கூட்டுவதால் எஃப்பிஎஸ் பெரிதாகக் குறைவதில்லை. மெமரியில் இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே 580-இல் நிழலையும் புகையையும் குறைத்துவிட்டு டெக்ஸ்சரை மட்டும் உயரத்தில் வைத்தால், சராசரி எஃப்பிஎஸ் ஒன்றாகவே இருந்தாலும் திரையில் தெரியும் படம் 1060-ஐ விடத் தெளிவாக இருக்கிறது. ஒப்பீட்டு வரைபடங்களில் இது தெரியாது. சுவரில் இருக்கும் செங்கலையும் ஆள் போட்டிருக்கும் சட்டையின் நூலையும் பார்த்தால் தெரியும்.

இரண்டிலும் ஓடவே ஓடாத கேம்கள் உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், டூம்: த டார்க் ஏஜஸ் இரண்டும் ரே டிரேசிங்குக்கான வன்பொருள் கட்டாயம் வேண்டும் என்கின்றன. இந்தக் கார்டுகளில் அது கிடையாது. செட்டிங்கைக் குறைத்து ஒப்பேற்ற வழியே இல்லை. ஃபைனல் ஃபேன்டசி 7 ரீபர்த் டைரக்ட்எக்ஸ் 12 அல்டிமேட் கேட்கிறது, அதுவும் இல்லை. இனி வரும் பெரிய கேம்களில் இந்தப் பட்டியல் நீளும். 2024-க்கு முன் வந்த கேம்களை ஆடி முடிக்கவே ஆயுள் போதாது என்று நினைப்பவர்களுக்கான கார்டுகள் இவை. நானும் அந்தக் கட்சிதான்.

டிரைவர் என்னும் தலைவலி

2025 அக்டோபரோடு 1060 உள்ளிட்ட பாஸ்கல் கார்டுகளுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் கொடுப்பதை என்விடியா நிறுத்திவிட்டது. 2028 அக்டோபர் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். ஏஎம்டி இதை முன்னாலேயே செய்துவிட்டது. 2023 இறுதியில் 580 உள்ளிட்ட போலாரிஸ் கார்டுகளையும் வேகா கார்டுகளையும் தன் முக்கிய டிரைவரிலிருந்து பிரித்துத் தனித் தொகுப்பாக ஒதுக்கி வைத்தது. அதற்கும் எப்போதாவதுதான் அப்டேட் வருகிறது. விண்டோஸில் இந்த விஷயத்தில் 1060-க்குக் கொஞ்சம் சாதகம். ஏஎம்டி தளத்திலிருந்து டிரைவர் இறக்கும்போது உங்கள் கார்டின் பெயரைத் தேடித் தேர்ந்தெடுத்து இறக்குங்கள். முன்பக்கத்தில் கண்ணில் படும் புதிய பதிப்பை இறக்கினால் அது இந்தக் கார்டைக் கண்டுகொள்ளாது.

லினக்ஸில் நிலைமை அப்படியே தலைகீழ். 580-க்கான ஓபன் சோர்ஸ் டிரைவர் கெர்னலிலும் மேசாவிலும் இருக்கிறது. உபுண்டுவைப் போட்டால் தனியாக எதையும் இறக்காமலே ஸ்டீம் திறந்து விளையாடலாம், ஏஎம்டி கைவிட்டாலும் அதை எழுதுபவர்கள் கைவிடவில்லை. 1060-க்கு என்விடியாவின் மூடிய டிரைவர்தான் கதி. அதன் புதிய பதிப்புகள் பாஸ்கலை விட்டுவிட்டன. ஓபன் சோர்ஸ் நூவோ டிரைவரில் ஓட்டலாம் என்றால், கார்டின் கடிகார வேகத்தை ஏற்ற முடியாமல் ஆமை வேகத்தில் நிற்கும். விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லாத பழைய மெஷினில் லினக்ஸ் போட்டு விளையாட நினைப்பவருக்கு இரண்டாவது யோசனையே வேண்டாம், 580தான்.

மானிட்டர் விஷயத்திலும் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. விலை குறைந்த 75 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ் மானிட்டர்கள் பலவற்றில் எச்டிஎம்ஐயும் விஜிஏவும்தான் இருக்கும், டிஸ்ப்ளே போர்ட் இருக்காது. மானிட்டரின் வேகத்தைக் கார்டின் எஃப்பிஎஸ்ஸோடு ஒத்துப்போக வைக்கும் ஃப்ரீசிங்கை 580 எச்டிஎம்ஐ வழியாகவே ஓட்டும். 1060-க்கு அது டிஸ்ப்ளே போர்ட்டில் மட்டும்தான் கிடைக்கும். நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் ஊசலாடும் கார்டுகளுக்கு ஃப்ரீசிங் பெரிய வரப்பிரசாதம். வாங்குவதற்கு முன் உங்கள் மானிட்டரின் பின்பக்கத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள். இன்னொன்று, விஜிஏ போர்ட் இரண்டு கார்டிலுமே கிடையாது.

வீடியோ எடிட்டிங், ஸ்ட்ரீமிங் பக்கம் 1060தான். அதன் என்வென்க் என்கோடர் யூடியூபுக்கு நேரலை விடும்போது 580-இன் என்கோடரை விடச் சுத்தமான படத்தைக் கொடுக்கிறது. 3டி அனிமேஷன் மென்பொருளான பிளெண்டரின் 3.0 பதிப்பு வந்தபோது, ஏஎம்டி கார்டுகள் நம்பியிருந்த ஓபன்சிஎல் ஆதரவை எடுத்துவிட்டார்கள். அதோடு 580-இல் சைக்கிள்ஸ் ரெண்டரிங் போனது. 1060-இன் குடா அதில் வெகுகாலம் தாக்குப்பிடித்தது. அனிமேஷன் படிக்கும் பிள்ளைக்கு வாங்குகிறீர்கள் என்றால் இந்த ஒரு பத்தியே முடிவைச் சொல்லிவிடும்.

580 என்று சொல்லிக்கொள்ளும் 580கள்

இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். 2018 அக்டோபரில் சீனச் சந்தைக்கென்று ஏஎம்டி ஒரு கார்டு விட்டது. பெயர் ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி. 2,304-க்குப் பதில் 2,048 ஷேடர்கள். அதாவது, ஆர்எக்ஸ் 570-க்கே 580 சட்டை மாட்டியது. இப்போது நம்மூரில் ஆன்லைனில் புதுசு என்று டப்பாவில் வரும், பெயர் கேள்விப்படாத கம்பெனிகளின் "580 8 ஜிபி" கார்டுகளில் நிறைய இந்த ரகம்தான். அவற்றில் பல, கிரிப்டோ மைனிங்கில் ஓடிய கார்டுகளின் சில்லைக் கழற்றிப் புதுப் போர்டில் ஒட்டிப் புது ஃபேன் மாட்டியவை. டப்பா மின்னும், உள்ளே இருப்பது பழசு.

கண்டுபிடிப்பது எளிது. ஜிபியு-இசட் என்ற சின்ன இலவச மென்பொருள் இருக்கிறது. பென் டிரைவில் போட்டு எடுத்துப் போங்கள். திறந்ததும் நடுவில் ஷேடர்ஸ் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 2304 என்று இருந்தால் அசல். 2048 என்றால் அது 570. 570-க்கான விலையைத்தான் கொடுக்க வேண்டும். வேகத்தில் வித்தியாசம் பிரமாதமாக இல்லை என்று கடைக்காரர் சொல்வார். அவர் சொல்வது ஓரளவு உண்மைதான். விலையிலும் அந்த வித்தியாசத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

1060 பக்கம் மட்டும் யோக்கியமா என்றால், அங்கேயும் தில்லுமுல்லு உண்டு. 3 ஜிபி மாடலில் மெமரி பாதி என்பதோடு கோர்களும் 1,152தான். பெயரை மட்டும் அப்படியே வைத்து என்விடியா விற்றது. இன்றைய கேம்களுக்கு 3 ஜிபி சுத்தமாகப் போதாது, இலவசமாகக் கிடைத்தால் மட்டும் வாங்கிக்கொள்ளலாம். இது போக, ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற பழங்காலக் கார்டின் பயாஸை மாற்றி 1060 என்று காட்டும் சுத்தமான போலிகளும் சந்தையில் சுற்றுகின்றன. ஜிபியு-இசட் இவற்றைப் பிடித்துக் கார்டின் பெயருக்கு முன்னாலேயே போலி என்று காட்டிவிடும்.

மைனிங் பீஸ்

"மைனிங்ல ஓடுனதாண்ணா?"

"சேச்சே, மைனிங்கெல்லாம் இல்ல தம்பி. ஒரு டிசைனிங் ஆபீஸ்ல இருந்து வந்தது."

இந்த உரையாடல் இல்லாமல் செகண்ட் ஹேண்டில் 580 கைமாறுவதே இல்லை. 2022 செப்டம்பரில் எத்தேரியம் தன் முறையை மாற்றி மைனிங்குக்கு முற்றுப்புள்ளி வைக்கும்வரை, 8 ஜிபி 580தான் மைனிங் செய்பவர்களின் செல்லப்பிள்ளை. அந்த 8 ஜிபி மெமரியும் 256-பிட் பஸ்ஸும்தான் காரணம். 4 ஜிபி கார்டுகள் 2020 இறுதியிலேயே அந்த வேலைக்கு லாயக்கற்றுப் போயின. அதனால் 8 ஜிபி கார்டுகள் இன்னும் இரண்டு வருடம் கூடுதலாக உழைத்தன. 1060-களும் மைனிங்கில் ஓடின, ஆனால் அவ்வளவு இல்லை. செகண்ட் ஹேண்டில் வரும் 580 மைனிங்கில் ஓடியது என்றே வைத்துக்கொண்டு சோதிப்பது நல்லது. அதற்காகப் பயந்து ஓட வேண்டியதில்லை. சீரான சூட்டில், மின்சாரத்தைக் குறைத்து ஓடிய கார்டின் சில்லு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அடி வாங்கியிருப்பவை ஃபேன், பேஸ்ட், மெமரி மேல் ஒட்டிய தெர்மல் பேட், சில சமயம் பயாஸ்.

நான் வாங்கிய 580-ஐத் திறந்தபோது பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்து உதிர்ந்தது. பேடிலிருந்து எண்ணெய் கசிந்து போர்டின் ஓரமெல்லாம் பிசுபிசுப்பு. கழற்றும் முன் கார்டைக் கசக்கிப் பிழியும் ஃபர்மார்க் சோதனையில் சூடு எண்பது டிகிரிகளின் நடுவில் போய் ஃபேன் மிக்ஸி மாதிரி இரைந்தது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நல்ல பேஸ்ட் போட்டு, பேடுகளை மாற்றியதும் எழுபதுகளின் தொடக்கத்துக்கு இறங்கியது, இரைச்சலும் பாதியானது. இந்த வேலைக்குப் பேஸ்ட், பேடு, ஒரு மாலைப்பொழுது ஆகும். அதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1060 அவ்வளவு சூடாவதில்லை. இரவல் வாங்கியதைத் திறக்க மனம் வரவில்லை. திறக்காமலே ஒழுங்காகத்தான் ஓடியது.

பயாஸ் மாற்றிய கார்டு என்றால் டிரைவர் போட்டதும் திரை அணையும், அல்லது டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு 'கோட் 43' என்று நிற்கும். சில நல்ல மாடல்களில் கார்டின் மேல் விளிம்பில் பயாஸ் மாற்றும் சின்ன சுவிட்ச் ஒன்று இருக்கும். அதை நகர்த்திப் பார்த்தால் மைனர் கை வைக்காத அசல் பயாஸ் கிடைக்க வாய்ப்புண்டு. இல்லையென்றால் அந்த மாடலுக்கான அசல் பயாஸைத் தேடி ஏற்ற வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் கடைக்காரரிடமே செய்துகொடுக்கச் சொல்வது நல்லது.

கடையில் டெஸ்க்டாப் வருவதைக் காட்டி "ஓடுது பாருங்க ப்ரோ" என்பார்கள். டெஸ்க்டாப் எல்லாக் கார்டிலும் வரும். பத்து நிமிடம் ஃபர்மார்க்கோ ஹெவன் பெஞ்ச்மார்க்கோ ஓட்டச் சொல்லுங்கள். திரையில் கலர் கலராகக் கட்டங்கள் மினுங்கினால் மெமரி போய்விட்டது, பேசாமல் வந்துவிடுங்கள். ஸ்க்ரூ தலையில் உள்ள சுரண்டல், பிராக்கெட்டில் உள்ள துரு, பிசிஐ விளிம்பின் தேய்மானம் எல்லாம் அந்தக் கார்டின் ஜாதகம். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் ஓடிய கார்டுக்குத் துரு சீக்கிரம் பிடிக்கும். டெஸ்டிங் வாரண்டி ஒரு வாரமாவது வேண்டும், அதுவும் பில்லில் எழுதித் தர வேண்டும்.

கரண்ட் பில்லும் எஸ்எம்பிஎஸ்ஸும்

இரண்டுக்கும் நடுவே விளையாடும்போது சுமார் 70 வாட் வித்தியாசம். தினம் மூன்று மணி நேரம் ஆடினால், இரண்டு மாத பில்லில் 12.6 யூனிட். தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஏசி ஓடும் கோடைகாலத்தில் உங்கள் வீட்டு ரீடிங் 490-ஐ ஒட்டி நிற்பதாக இருந்தால் கதை வேறு. தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டியதும் ஸ்லாப் மாறி, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை ஏறும். அந்தப் பன்னிரண்டு யூனிட் அப்பாவின் கோபத்துக்குக் காரணமாகிவிடக் கூடாது.

பில்லை விடப் பெரிய பிரச்சினை எஸ்எம்பிஎஸ். கேபினட்டோடு சேர்த்துக் கொடுக்கும் லோக்கல் எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அந்த ஸ்டிக்கரை நம்பி 580-ஐ மாட்டக் கூடாது. 1060-க்கு ஒரு 6-பின் இணைப்பு போதும். 580-க்குக் குறைந்தது 8-பின், சில மாடல்களுக்கு அதோடு இன்னொரு 6-பின். நல்ல கம்பெனியின் 500 வாட்டுக்குக் குறையாத எஸ்எம்பிஎஸ் வேண்டும். அது உங்களிடம் இல்லையென்றால் அதன் விலையையும் 580-இன் விலையோடு கூட்டுங்கள். கூட்டினால் பல நேரம் 1060-ஏ மலிவாகிவிடும். வீட்டில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். 580 போட்ட மெஷின் முழு வேகத்தில் ஓடும்போது கரண்ட் போனால், சேவ் செய்ய நேரம் கொடுக்காமலே யுபிஎஸ் கீச்சிட்டு அணைந்துவிடலாம். பழைய ஆபீஸ் டெல் ஆப்டிபிளெக்ஸ் வாங்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அவற்றின் எஸ்எம்பிஎஸ்ஸில் பெரும்பாலும் கார்டுக்கான தனி வயரே இருக்காது, ஒல்லியான மாடல்களில் இந்தக் கார்டுகள் உள்ளே நுழையவும் நுழையாது.

580 வாங்கிவிட்டால் ஒரு வேலை கட்டாயம் செய்யுங்கள். ஏஎம்டி மென்பொருளில் டியூனிங் பகுதிக்குப் போய் வோல்ட்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். என் கார்டில் 1,150 மில்லிவோல்ட் அளவில் இருந்ததை 1,060-ஐ ஒட்டிக் கொண்டுவந்தும் எஃப்பிஎஸ் குறையவில்லை. சூடும் மின்சாரமும் நன்றாகவே இறங்கின. எல்லாக் கார்டும் இவ்வளவு ஒத்துழைக்காது. கேம் நடுவில் கருந்திரை வந்தால் ஒரு படி ஏற்றி விடுங்கள். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் இந்த வித்தியாசம் கார்டுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் தெரியும்.

என் தீர்ப்பு இதுதான். நல்ல எஸ்எம்பிஎஸ் ஏற்கெனவே இருக்கிறது, கதை கேம்கள்தான் ஆடப் போகிறீர்கள், இரண்டு கார்டும் ஏறக்குறைய ஒரே விலை என்றால், அசல் 2304 ஷேடர் உள்ள ஆர்எக்ஸ் 580 8 ஜிபியை வாங்குங்கள். லினக்ஸ் ஆட்களுக்கும் அதுவே. பழைய சிபியு, சின்ன எஸ்எம்பிஎஸ், போட்டி கேம், எடிட்டிங், பிளெண்டர் என்றால் ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி; அதற்காக 580-ஐ விட ஐநூறு, ஆயிரம் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை.

எதை எடுத்தாலும் ஒரு உச்சவரம்பு வைத்துக்கொள்ளுங்கள். 2021-இல் வந்த ஆர்எக்ஸ் 6600 செகண்ட் ஹேண்டில் இப்போது நிறையவே கிடைக்கிறது. அதுவும் 8 ஜிபி. 132 வாட்தான் குடிக்கும், 580-ஐ விட வெகுவாக வேகம், ரே டிரேசிங் வன்பொருளும் உண்டு. வாங்கப் போகும் அன்றைக்கு அந்தக் கார்டு என்ன விலைக்கு விற்கிறது என்று விசாரியுங்கள். 580-க்கோ 1060-க்கோ அதில் பாதிக்கு மேல் கேட்டால், காசைப் பையிலேயே வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு மாதம் சேர்த்து வையுங்கள்.